சோழர் முடியட்டும் என்றார் மாமனார்

நான் ஒரு முட்டாள். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதிலும் என்னுடையது சாதாரண முட்டாள்தனம் இல்லை, படித்த முட்டாள்தனம். எவ்வளவு தூரம் படித்தது என்றால், முன்னுரை வரைக்கும். ரோமன் எண் போட்ட பக்கங்களில் நான் புலி. அந்த எண்கள் முடிந்து, ஒன்று என்று போட்டுப் புத்தகம் நிஜமாகவே ஆரம்பிக்கிற இடத்தில் கண் சொருகிவிடும். ஆனால் ஒரு வரலாற்று நூலைப் பரிந்துரைக்க முன்னுரை தாராளம். சொல்லப்போனால், முழுதாகப் படித்தவன்தான் பரிந்துரைக்கத் தயங்குகிறான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அல்லிநகரத்தில் ஒரு பம்புசெட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபுட்வால்வு வாங்க வருகிற விவசாயியிடம், “அண்ணே, அந்தக் காலத்துக் கண்மாய்களப் பத்தி அருமையான புஸ்தகம் ஒண்ணு இருக்கு, அவசியம் படிங்க” என்பேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். யாரும் படித்துவிட்டுத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் என் அறிவாளிப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பெண் பார்த்தார்கள். கம்பத்துக்கு மேற்கே திராட்சைத் தோட்டக்காரர் வீடு. பெண்ணின் அப்பா மீசையை நீவியபடி, “மாப்ளைக்கு வேற ஏதும் பழக்கம் உண்டா?” என்று கேட்டார். சீட்டு, பாட்டில் வகையறாவைத்தான் கேட்டிருக்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “வரலாறு படிக்கிற பழக்கம் உண்டு மாமா” என்றேன்.

“அது ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?”

வீடே சிரித்தது. காப்பித் தட்டோடு நின்ற பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், கட்டினால் இந்தப் பெண், இல்லாவிட்டால் பம்புசெட்டே கதி என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆவணியில் கல்யாணம், தேதியை மட்டும் பெண் வீட்டில் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய், தென்னாட்டு வரலாறு மூன்று பாகத்தை, ஒவ்வொன்றும் தலையணை கனம், அவரிடம் கொடுத்தேன். “நாலு தடவ படிச்சேன் மாமா. ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு.” படிக்காத புத்தகம் எப்போதும் புதிதாகத்தானே இருக்கும்.

நான் பரிந்துரைத்த புத்தகத்தை நிஜமாகவே படித்த முதல் மனிதர் எனக்கு மாமனாராக வர வேண்டியவராக இருந்ததை விதி என்றுதான் சொல்ல வேண்டும். ரெண்டு வாரத்தில் கடைக்கே வந்துவிட்டார்.

“மாப்ள, மொளகா நம்ம ஊருச் சரக்கே இல்லையாம்ல! கப்பல்ல வந்து எறங்குச்சாம்ல!”

“ஆமா மாமா” என்றேன், அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டு.

“அப்ப, தஞ்சாவூர்ல அம்புட்டுப் பெரிய கோயிலக் கட்டுன ராசா, கஞ்சிக்கு ஒரு பச்ச மொளகாயக் கடிச்சதில்ல?”

“பாவம் மாமா.”

“நம்ம மல மொளகுக்கு ரோமாபுரிக்காரன் தங்கத்தக் கொட்டிக் குடுத்திருக்கான். இங்கன கம்பத்து யாவாரி என் திராச்சையப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறான். ஏன் மாப்ள அப்பிடி?”

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்து விட்டேன். “அதுக்குத் தனியா ஒரு புஸ்தகம் இருக்கு மாமா.”

அதையும் வாங்கிப் போனார். அதையும் படித்தார். அதிலிருந்து கேள்வியோடு வந்தார். அதற்கும் ஒரு புத்தகம் இருந்தது. மனிதர் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே குடியிருக்க ஆரம்பித்தார். மருந்தடிக்க வந்த ஆட்கள் வாசலில் உட்கார்ந்து படையெடுப்புக் கதை கேட்டுக்கொண்டிருக்க, பந்தலில் திராட்சை இலையெல்லாம் சாம்பல் நோய் பூத்தது.

ஆவணியில் தரகர் போய்த் தேதி கேட்டார். “சோழரு முடியட்டும், பேசுவோம்” என்றாராம். ஐப்பசியில் என் அம்மா ஆள் அனுப்பினாள். “பாண்டியருக்குள்ள பங்காளிச் சண்ட நடக்குது. இந்த நேரத்துல கல்யாணப் பேச்சா?” என்றாராம். கார்த்திகையில் நாயக்கர்கள் வந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் சின்னமனூரில் பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை ஒருவன் புது பைக்கோடு காத்திருப்பதாகத் தகவல். அவன் சினிமா போஸ்டரையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பான் என்று கேள்விப்பட்டு ஏளனமாகச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவன் யாருக்கும் புத்தகம் கொடுக்கமாட்டான். அவனுக்கு நாளைக்கே தேதி கிடைக்கும்.

கடைக்கு எதிரே பஞ்சர் ஒட்டுகிற சிநேகிதன் ஆறுதல் சொன்னான். “ஏலே, ஊருல அவனவன் மாமனாருக்கு வேட்டி எடுத்துக் குடுக்கிறான். நீ மூணு பாகம் குடுத்தவன்ல, அனுபவி.”

மார்கழி பிறந்தால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அதற்குள் தேதி வாங்கியே தீர்வது என்று கம்பத்துக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக யோசித்து, சாட்சாத் என் சொந்தச் சரக்காக ஒரு வரலாறு தயாரித்து வைத்திருந்தேன்.

மாமா பந்தலுக்கடியில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். “வாங்க மாப்ள” என்று கால்மாட்டில் இடம் விட்டார். உட்கார்ந்தவுடன் ஆரம்பித்தேன்.

“மாமா, ஒரு ராசா மக கல்யாணத்தத் தள்ளித் தள்ளிப் போட்டாராம். கடைசில மாப்ள கோவிச்சுக்கிட்டுப் படையத் தெரட்டிட்டு வந்துட்டானாம். நாடே அழிஞ்சுபோச்சாம்.”

“அட! எதுல வருது?”

“மூணாம் பாகம் மாமா.”

“நேத்துத்தேன் முடிச்சேன். அதுல இல்லையே.”

“அப்ப நாலாம் பாகமா இருக்கும்.”

“மொத்தமே மூணுதேன் மாப்ள.”

பந்தலில் ஒரு குருவியாவது கத்தியிருக்கலாம். உதவியாக இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிதானமாக முதல் பாகத்தை எடுத்துப் பக்கங்களின் ஓரத்தைக் காட்டினார். ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. அச்சாபீசில் சரியாக வெட்டாமல் விட்டதில் முன்னுரையைத் தாண்டிப் பாதிப் பக்கங்கள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. மற்ற இரண்டு பாகமும் அப்படித்தானாம்.

“நாலு தடவ படிச்சேன்னீக. ஒட்டிக் கெடந்தத, கொடி வெட்டுற கவாத்துக் கத்திரி வச்சு நாந்தேன் வெட்டி வெட்டிப் படிச்சேன். மொத நாளே தெரியும் மாப்ள.”

“பெறகு ஏன் மாமா கேக்கல?”

“கேட்டா நீங்க ரோசப்பட்டுப் புஸ்தகத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவீக. எனக்குப் பாதியில நிக்கும்ல?”

எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி, “அப்ப கல்யாணம் மாமா?” என்றேன்.

“தையில நாள் பாத்து வச்சிருக்கேன். இத மூணையும் படிச்சிட்டு வாங்க, சொல்றேன். நானும் எம்புட்டு நாளைக்கு மருந்தடிக்கிற ஆளுககிட்டயே பேசிக்கிட்டு இருக்கிறது? வீட்டுக்கு வர்ற மாப்ளையாச்சும் பேச்சுக்கு ஆகணும்ல.”

மூன்றையும் தூக்கி என் கையில் அடுக்கினார். தோள்பட்டை இறங்கிவிட்டது. கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தேன்.

“தைக்குள்ள மூணையும் எப்பிடி மாமா? ஏதாச்சும் ஒண்ணு மட்டும் படிச்சாப் பத்தாதா?”

அவர் கட்டிலில் பழையபடி சாய்ந்துகொண்டார்.

“பொண்ணு வேணுமா, வேணாமா?”