தள்ளியே இருந்துக்கறேன்

அட்டை அக்காவை முதன்முதலில் பார்த்த நாளே திட்டு வாங்கினேன். அகராதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் என்ற மிதப்பு வேறு எனக்கு. ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டார்கள்; ஐந்து நிமிடத்தில் பத்து எழுதி நீட்டினேன். யார் சொன்னது என்று அக்கா கேட்டார். நானே யோசித்தது என்றேன்.

"ஊர்ல ஒருத்தரும் இப்படிப் பேச மாட்டாங்க தம்பி. காதால கேட்டதை எழுதிட்டு வா," என்று பத்துக்கும் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி அது. ஒவ்வொரு பொருளுக்கும் யாராவது உண்மையிலேயே பேசிய தமிழ் வாக்கியம் வேண்டும். அதை ஓர் அட்டையில் எழுதி, சொன்னவர், இடம், தேதி எல்லாம் கீழே குறிக்க வேண்டும். தப்பான அட்டையில் கோடு போடலாம், கிழிக்கக் கூடாது. இருபது வருடமாக அக்கா அந்த அட்டைகளோடு கிடந்தார். பஸ்ஸில் சண்டை வந்தால் மற்றவர்கள் விலக்கிவிடப் போவார்கள், அக்கா பேனாவைத் தேடுவார். பிடித்தால் விடாத அட்டை என்ற அர்த்தத்திலும் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் சேர்வதற்கு வெகு முன்பே ஒரு காலை வேலைக்குக் கிளம்பிய அவர் கணவர் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், தன் பெயரிலிருந்த வீட்டை விற்கும் அதிகாரத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எட்டு வருடம் கழித்து, நான் அங்கே இருந்தபோது, கொழுந்தனார் விற்கக் கிளம்பினார். ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கோர்ட்டு அறிவிக்கலாம். அறிவித்தால் அந்தப் பத்திரம் செல்லாது; வீடு அக்காவுக்கும் மகளுக்கும் வரும். அக்கா மனுப் போட்டார்.

அந்தச் சமயத்தில் 'அவே' (away) என்ற ஆங்கிலச் சொல் சரிபார்க்க என் மேஜைக்கு வந்தது. சின்னச் சொல்தானே என்று தொட்டால் பெட்டியில் நூற்றுச் சொச்சம் அட்டை. ஓடிப்போவது, ஊரில் இல்லாதிருப்பது, பத்து மைல் தள்ளியிருப்பது, கரைந்து ஒன்றுமில்லாமல் போவது, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருப்பது, எல்லாம் அதற்குள். சொல்லின் பிறப்பை அக்காவே எழுதியிருந்தார். பழைய ஆங்கிலத்தில் அது 'வழியின்மேல்' என்ற இரண்டு சொல்லாம். வழியில் கால் வைத்தவன், நாளாவட்டத்தில் இங்கே இல்லாதவன் ஆகிவிட்டான்.

அடுத்த அட்டையும் அக்கா கையெழுத்து. 'நான் தள்ளியே இருந்துக்கறேன், தேட வேண்டாம்.' சொன்னவர்: கணவர். இடம்: தொலைபேசி. தேதி, ஐந்து வருடத்துக்கு முந்தியது.

சாப்பாட்டு நேரத்தில் அறை காலியானதும் அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தார்.

"குரல் கேட்டதும் கை தானா எழுதிடுச்சு. மகளுக்குக்கூடத் தெரியாது. அவளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை அவரு. அதை எப்படி அவகிட்ட சொல்றது?"

கிழித்துவிடுகிறேன் என்றேன். பதிவேட்டில் எண் இடிக்கும் என்று சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"தகவல் இல்லைன்னு மனுவுல கையெழுத்துப் போட்டுட்டேன் தம்பி. கோர்ட்டுல வாயைத் திறந்து அதையே சொல்ல முடியுமான்னுதான் தெரியலை."

அட்டையை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு வீட்டைவிட ஓர் அட்டை பெரிதா என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

விசாரணைக்கு நானும் போனேன். கடிதமோ தொலைபேசியோ வந்ததா என்று நீதிபதி, எல்லாரிடமும் கேட்பதுபோல், தாளைப் பார்த்தபடியே கேட்டார். இல்லை என்றால் முடிந்தது. அக்கா திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு, தொலைபேசி ஒரு தடவை வந்தது என்றார். தேதியைச் சொன்னார். கணவர் பேசியதையும் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்குக் கடிந்துகொண்டு நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வராந்தாவில் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா இல்லை என்றார்.

மூன்று மாதத்தில் வீடு கைமாறியது. மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அம்மா அழைத்தால் எடுப்பதில்லை. அகராதி அச்சாகிவிட்டது. அந்த வாக்கியம் அதில் இருக்கிறது. சொன்னவர் யார் என்று அச்சில் போடும் வழக்கமில்லை. வேலை முடிந்ததும் எங்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்து ஏழு வருடம் நிறைய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதன் பிறகு கணவரிடமிருந்து தகவல் இல்லை. அக்கா இப்போது ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார், மருந்துப் பெட்டியில் வைக்கும் தாள்களுக்குப் பிழை திருத்துகிறார்.