பைக்குள் இருந்த லெகிங்ஸ்

எங்கள் அலுவலக வலைப்பந்து அணியின் தலைவி ஒல்லியானவர். இரண்டு முழங்காலிலும் பழைய தழும்புகள். ஆட்டத்துக்கு முன் எங்கள் ஒவ்வொருவரின் பையையும் திறந்து, சப்பாத்து, துவாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்.

பாவாடைக்குக் கீழே கணுக்கால் வரை லெகிங்ஸ் போட்டதற்காக, கிராண்ட்பாஸிலிருந்து வரும் எங்கள் முஸ்லிம் தோழியைப் போட்டி நடத்திய கனவான்கள் வெளியே இருத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் தலைவியோடு மற்ற ஏழு பேருமே லெகிங்ஸோடு இறங்குவதென்று முடிவெடுத்தோம். தடை வரும் என்று தெரிந்தேதான் ஓம் என்றோம்.

கொட்டாஞ்சேனை மைதானத்தில் அன்று அப்படி இறங்கியவர் தலைவி ஒருவர்தான். நடுவர் வெளியே அனுப்பினார். பிறகு ஒரு வருடத் தடை. நாங்கள் ஆடினோம். கிண்ணமும் வென்று, பல் தெரியப் படமும் எடுத்துக்கொண்டோம்.

மாதங்கள் கழித்து, வெள்ளவத்தை பஸ்ஸில் அவரைக் கண்டேன்.

"அக்கா, எங்களோட கோவமா?"

"பயத்தில கொண்டு வராம விட்டிருந்தா மன்னிச்சிருப்பன். ஆனா எல்லாற்ற பேக்கையும் நான்தானே திறந்து பாத்தனான். ஆறு பேரும் கொண்டு வந்தனீங்கள்."

தடை முடிந்தும் அவர் விளையாட வரவில்லை. இப்போது என் பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த லெகிங்ஸ் இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது.