மயிலி கால் ஊன்றாத மூன்று நாள்

மயிலி இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பெரிய கோப்பைப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புல்லுக்கட்டை இறக்கி ஒரு பிடி நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

மயிலி மூன்று வயதுப் பெண் குதிரை. கோலாலம்பூரில் அந்த வருஷம் ஓடிய பந்தயம் எல்லாவற்றிலும் முன்னால் வந்தவள். முதலாளி வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. அவளைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் என் வீட்டுக்காரர். பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரம் புல் அறுத்து வந்து போட்டவள் நான். எழுத்து அதிகம் வராது. ஆனாலும் வாய் பேசாத நோயாளியை வைத்துக்கொண்டு பயந்திருப்பவர்களுக்காக இதை நானே எழுதுகிறேன்.

வெள்ளைக்கார மிருக வைத்தியர் வந்தார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் சந்தை மலாய்தான். முட்டிக்குக் கீழே வீக்கம். அவர் தொட்டதும் மயிலி உடம்பெல்லாம் நடுங்கினாள். என் வீட்டுக்காரரிடம் குனிந்தபடியே ஏதோ கேட்டார். இவர், “பாயெக், துவான்” என்றார். நல்லாயிருக்கிறது ஐயா என்று அர்த்தம்.

'பிராக்சர்' (எலும்பில் முறிவு அல்லது கீறல்) என்றார் வைத்தியர். கட்டுப் போட்டார். மூன்றாம் நாளும் கால் ஊன்றாவிட்டால் அவளை வதைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் மலாயிலேயே சொன்னார். அந்தப் பேச்சில் செனாப்பாங் என்ற சொல் வந்தது. துப்பாக்கி. அது எனக்கு விளங்கியது.

இரண்டாம் நாள் அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். வெளியே மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டே நின்றேன். வியர்வை அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரரின் கட்டைவிரலுக்குத் துணி சுற்றினேன். வைத்தியர் முதலில் வந்த அன்றே வாளி விழுந்து நகம் கறுத்திருந்தது.

“வைத்தியத் தொரைக்கு நல்ல மனசு புள்ள. அத்தன வேலையிலயும் என் நகத்த விசாரிச்சாரு.”

“என்னான்னு கேட்டாரு?”

“கூக்கு பாயெக்கான்னாரு. பாயெக்னேன்.”

“ஒங்க கையப் பாத்தா கேட்டாரு?”

“மயிலி கால புடிச்சிக்கிட்டுத்தான் கேட்டாரு. ஏன்?”

சுற்றிய துணியைப் பாதியில் விட்டேன். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், ஆட்டுக்கால் விற்கும் மலாய்க்காரி, குளம்பைத் தட்டிக் கழற்றும்போது அதைக் கூக்கு என்பாள். நமக்கு நகம் வேறு, குளம்பு வேறு. மலாயில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்.

“அவரு குளம்பக் கேட்டிருக்காரு. நீங்க ஒங்க நகத்துக்குப் பதில் சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

அவர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். “பேசாத இரு புள்ள. வேலை போயிரும்.”

“வேலை போனா வேற லாயம். இவ போனா?”

வைத்தியர் வந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். அதுவரை வெள்ளைக்காரரிடம் நான் பேசியதில்லை. “துவான், கூக்கு திடாக் பாயெக்” என்றேன். குளம்பு சரியில்லை என்று. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலை குனிந்தார்.

லாடத்தைக் கழற்றி, குறடால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மயிலி துள்ளினாள். அங்கே கத்தியால் சீவினார். கறுத்த சீழ் பீய்ச்சியடித்தது. 'அப்ஸெஸ்' (உள்ளே சீழ் கட்டிய புண்) என்றார். எலும்பு நன்றாகத்தான் இருந்தது. சுடுதவிட்டைத் துணியில் வைத்துக் கட்டினோம். சாயங்காலம் குளம்பின் நுனியைத் தரையில் வைத்தாள்.

பயம் மட்டும் போகவில்லை. புண்ணால் 'டெட்டனஸ்' (தாடை இறுகி உடம்பு விறைக்கும் நோய்) வரலாம், சில வாரம் கவனி என்றிருந்தார். தினமும் காலையில் அவள் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், தாடை அசைகிறதா என்று. பெரிய கோப்பை அவள் இல்லாமலே ஓடி முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வைத்தியர் சொல்வது விளங்காவிட்டால் மறுபடி கேளுங்கள். தலையாட்டாதீர்கள்.

அடுத்த வருஷம் அதே கோப்பைக்கு மயிலி ஓடினாள். வேலியோரம் நின்று பார்த்தேன். எத்தனையாவதாக வந்தாள் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். நான் பார்த்தது அந்த இடது முன்னங்காலை மட்டும்தான். அது தரையில் விழுந்த ஒவ்வொரு தடவையும் என் இடது பாதம் கூசியது. இரண்டு நிமிஷ ஓட்டம் என்கிறார்கள். என் பாதத்துக்கு அது இன்னும் முடியவில்லை.