முனிவர் முகமூடிக்கு ஒரு நாற்காலி

மதிப்பிற்குரிய இணைய வாசகப் பெருமக்களுக்கு வணக்கம். 1998 ஆகஸ்ட் விடுமுறையில் சென்ற பயணத்தை இத்துணைக் காலம் தாழ்த்தி எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கோபம் தணிந்தபின் எழுதலாமென்று காத்திருந்தேன், அது தணிவதாயில்லை.

தாய்லாந்தின் நாடகச் சடங்குகளை ஆராயும் அம்மையார் ஒருவர், லூபோக் சீனா அருகேயுள்ள தோட்டத்தில் நம்மவர் நடிக்கும் இராமாயண நாடகம் பற்றி அறிய விரும்பினார். பதிலுக்கு, தம் நாட்டு நடிகர்கள் செய்யும் குரு வணக்கத்தை விளக்கிக் காட்டுவதாகவும் இசைந்தார். மொழிபெயர்ப்பாளர் நான். மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்ட எனக்கு வாய்த்த முதல் மேடை அது.

மலேசியாவின் மலாக்கா நகரிலிருந்து பிற்பகல் ஒரு மணிப் பேருந்து. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு மூன்று வெள்ளி, அதாவது மூன்று ரிங்கிட். இருவர் சென்றோம், ஒன்பது வெள்ளி கொடுத்தோம். காரணம், அம்மையாரின் பெட்டியிலிருந்த முனிவர் முகமூடி. நடிகர்களுக்கு முதல் குரு அதுவே, காலடியில் வைக்கலாகாது. பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"அக்கா, பொட்டிய கீழ வைங்கலா!" என்றார் நடத்துநர்.

"அது குரு, தம்பி" என்றேன்.

"குருவா? அப்ப டிக்கெட் எடுங்க."

தோட்ட மண்டபத்தில் 'செலாமட் ஹரி குரு' என்று மே மாத ஆசிரியர் நாள் வாழ்த்துப் பதாகை தொங்கியது. மலாய் மொழியில் குரு என்றால் பள்ளி ஆசிரியர். மேடையிலிருந்த ஒரே நாற்காலியில், மாலையும் கழுத்துமாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முகமூடிக்கு, சிராப் என்னும் சர்க்கரைப் பாகுத் தண்ணீர் வாளியருகே இடம்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன், நாடகக் குழுத் தலைவர் முனியாண்டியிடம்.

"நீதானம்மா போன்ல குரு வணக்கம்னே? நம்ம சார விட்டா இங்க யாரு குரு?"

சார் ஒரு மணி நேரத்துக்கு மேல் உரையாற்றினார். ஐந்து மணிக்குக் கடைசிப் பேருந்து. எல்லோரினும் உயரத்தில் முகமூடி அமர்ந்தாலொழியப் பெட்டியைத் திறப்பதற்கில்லை என்றார் அம்மையார். சாரை எழுந்திருக்கச் சொன்னேன்.

"நான் குரு இல்லன்னா, ஒன் குரு யாரும்மா?"

"யாருமில்ல சார். நானே படிச்சேன்."

இதையும் கடமை தவறாது மொழிபெயர்த்தேன். குருவென்று எவரையும் வணங்காதவர் இச்சடங்கில் பேசுவது முறையன்று என்றார் அம்மையார். பேசாமல் எங்ஙனம் மொழிபெயர்ப்பது?

சார் சிரித்துவிட்டு இறங்கினார். அம்மையார் முகமூடியை நாற்காலியில் ஏற்றியதும், சார் தம் மாலையைக் கழற்றி அதன்முன் வைத்தார்.

"சரி, இவருதான் ஒன் வாத்தியாரு. சீக்கிரம் கும்பிடும்மா, பஸ் போயிரும்லா!"

எந்த வாத்தியாரையும் கும்பிட்டறியாத நான் கும்பிட்டேன். அதன்பின் தடையின்றி மொழிபெயர்த்தேன். இராவணன் வேடக்காரர் கேள்விமேல் கேள்வி கேட்டார். பேருந்து போய்விட்டது. மலாக்கா புக்கிட் பெருவாங்கிலுள்ள என் வீட்டுக்கு வாடகை வண்டி, முப்பத்தைந்து வெள்ளி.

செல்ல விரும்புவோர் காலைப் பேருந்திலேயே செல்க. தொலைபேசியில் 'குரு' என்று மட்டும் சொல்லற்க. அம்மையார் அடுத்த மாதம் மீண்டும் வருகிறார். முனியாண்டி அண்ணன் புதுப் பதாகைக்குச் சொல் கேட்கிறார். 'ஆசான்' என்றேன். "அதுவும் நம்ம சார்தானேம்மா" என்கிறார். சாரைக் குறிக்காத சொல்லொன்று உங்களிடம் இருந்தால், பதாகை எழுதக் கொடுக்குமுன் விரைந்து பதில் எழுதுங்கள்.