அரிசிக் கூழில் கீறிய படம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள், சனிக்கிழமை, நாங்கள் குடியேறிய ஹொல்ஸ்டெப்ரோ நகர வீட்டுச் சுவரிலிருந்து, அக்கா கீறிய அவருடைய படத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்கு உள்ளே, அடிச்சட்டத்தில், நீலமும் மண்ணிறமுமாய்த் தூள் கொட்டிக் கிடந்தது.

அவள் அதைக் கீறிய காலத்தில் எனக்கு ஒன்பது வயது. தை மாதத்து வெள்ளிக்கிழமை. ஜப்பானிய மரபு ஓவியம் பழகிக்கொண்டிருந்த அக்கா, அம்மாவின் பால்சட்டியில் பசை காய்ச்சினாள். வீடெல்லாம் நனைந்த தோலின் வாடை. விரதத்துக்கு முழுகிவிட்டு வந்த அப்பா மூக்கைப் பொத்தினார்.

"என்ன பிள்ளை, இது என்ன நாத்தம்?"

"மான் தோல் பசை அப்பா. இது இல்லாட்டி கல்லு அரைச்ச நிறத் தூள் தாளில ஒட்டாது."

"சாமி இருக்கிற வீட்டில தோல் காய்ச்சிறியோ?"

சட்டி வெளியே பனிக்குள் போய் விழுந்தது. அக்கா அழவில்லை. அடுத்த மாதம் அரிசிக் கூழில் நிறம் குழைத்து, நீலச் சால்வையோடு அப்பாவைப் படமாகக் கீறினாள். "இதில தோல் இல்லைத்தானே?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் அவர் அதை மாட்டினார்.

பிறகு அக்கா கியோத்தோவுக்குப் போய்விட்டாள். தோல் பசையில் அவள் வரைந்த படங்கள் பல நாட்டுக் காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன. அப்பா ஒன்றைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்துசேர முடியாமற்போன அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"படத்தில அப்பான்ர முகம் பாதி கொட்டுண்டு போச்சு அக்கா. திருத்த ஏலுமோ?"

"ஏலும். ஆனா தோல் பசைதான் வேணும்."

பிறகு அவளே கேட்டாள்.

"அப்பாட்டை இனி ஆர் சம்மதம் கேக்கிறது?"