சாரல் பிடித்த பிறகு கள ஆய்வு

“விண்ணப்பம் கிடைத்த தொண்ணூறு நாட்களுக்குள் கள ஆய்வை முடித்து, முடிவைத் தெரிவிக்க வேண்டும்.” வரலாற்று ஆய்வுகளுக்கு அரசு தரும் நிதியுதவியின் விதிகளில் ஒன்பதாவது இது. நான் ஜனவரியில் விண்ணப்பித்தேன்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்களில், எனக்குத் தெரிந்து மிஞ்சியவர் பண்பொழிப் பெரியவர் ஒருவர்தான். கொடி பிடித்து லாக்கப்பில் கிடந்தவர். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர் சொல்வதைப் பதிவு செய்து புத்தகமாக்குவதுதான் என் திட்டம்.

ஏப்ரலோடு தொண்ணூறு நாள் முடிந்தது. மே மாதம் நினைவூட்டல் அனுப்பினேன். ஜூனில் தொலைபேசியில் கேட்டேன். பிரிவு எழுத்தர் மரியாதையாகவே பேசினார். “சார், குத்தாலத்துல இன்னும் சாரல் பிடிக்கலையாமே? பிடிச்சதும் ஒரு போன் போடுங்க. புரோகிராம் போட்டுரலாம்.”

எனக்கு எரிந்தது. புரியாமல் இல்லை. தென்காசிப் பக்கம் எந்தத் துறையின் ஆய்வும் அருவியில் தண்ணீர் விழாமல் நடந்ததில்லை. அரசுப் பணியில் இருந்த காலமெல்லாம் அப்படி வரும் அதிகாரிகளுக்கு விருந்தினர் மாளிகையில் அறை பிடித்து, தலைக்குத் தேய்க்க எண்ணெயும் வாங்கி வைத்தவன் நானேதான்.

அந்த வருடம் சாரல் ஏமாற்றியது. வாரம் ஒருமுறை பெரியவரைப் பார்க்கப் போவேன். பழைய கதையை எடுத்தாரென்றால் தடுத்துவிடுவேன். ஒப்புதலுக்கு முன் தொடங்கிய பணிக்கு உதவி கிடையாது என்கிறது பதினான்காவது விதி. அதை அவருக்கு விளக்கியும் சொன்னேன்.

“ஏலே, அன்னைக்கு நாங்க உத்தரவு வாங்கிட்டா கொடி பிடிச்சோம்? நான் சொல்லுதேன், நீ எழுது.”

சட்டைப் பையில் செல்பேசி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் அருவி கொட்டியது. ஜீப்பில் மூவர் வந்தார்கள். ஐந்தருவியில் ஒரு நாள், பழைய அருவியில் ஒரு நாள், பண்பொழியில் இருபது நிமிடம். ஈரத் தலையோடு பெரியவரின் ஆதார் அட்டையைச் சரிபார்த்தார்கள். போராட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம். கண் என்னை அடையாளம் காண்கிறது. பேச்சு போய்விட்டது. எழுதுகிற கையும் விழுந்துவிட்டது.

அதன் பிறகு ஒப்புதல் வந்தது. பணியை உடனே தொடங்கலாமாம். முதல் ஒலிப்பதிவை முப்பது நாட்களுக்குள் அனுப்ப வேண்டுமாம். காலதாமதம் ஏற்கப்படாதாம். பழக்க தோஷம், உறையின் மூலையில் பெற்ற தேதியைக் குறித்தேன்: அக்டோபர் இருபது.