கவர்னர் நீட்டிய கை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் விரி என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு பழக் கம்பனியில் பெட்டி அடுக்கினேன். அகதி வழக்கு முடியவில்லை. இல்லை என்று சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பயம் ஒன்றே எனக்குப் போதும்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டார். நாளைக்கு அமெரிக்காவின் ஒரு மாநிலக் கவர்னர் களஞ்சியம் பார்க்க வருகிறார் என்றார்.

ஊரில் பெரிய ஆள் வந்தால் முதலில் பட்டாளம் வரும். வீதியை மறித்து, ஆண்களை வரிசையில் விட்டு, அடையாள அட்டை பார்க்கும். சிலர் திரும்பி வருவதில்லை. என் தம்பி வரவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

"போகாதேங்கோ."

"போகாட்டி ஏன் வரேல்லை எண்டு தேடுவாங்கள்."

அவள் ஒரு பையில் உடுக்கச் சாரம், துடைக்கத் துவாய், குளிக்கச் சவுக்காரம் வைத்தாள். ஊரில் சுற்றிவளைப்பு என்றால், பிடித்துக்கொண்டு போனாலும் உதவும் என்று அப்படித்தான் தந்து விடுவாள்.

என்னோடு வேலை செய்த மன்னார்க்காரன் பையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணை, கவர்னரோட அமெரிக்கா போறியளோ?"

கவர்னர் வந்தார். உயரமான மனிதர். கூட இரண்டு பேர். துவக்கு ஒன்றையும் காணவில்லை. உடுப்புக்குள் இருக்கும் என்று நினைத்தேன். பெட்டிகளுக்கு முன் நின்று பேசினார். மன்னார்க்காரன் என் காதுக்குள் தமிழில் சொன்னான்.

"தேப்பன் அப்பிள் தோட்டக்காரனாம். இவரும் சின்னனிலை பெட்டி தூக்கினவராம். பிறகு லோயர். முதல் எலெக்சனிலை தோத்தவராம்."

"தோத்தவரோ? அவரை ஒண்டும் செய்யேல்லையோ?"

"ஆர் செய்யிறது? அடுத்த நாள் வீட்டை நிண்டு புல்லு வெட்டினவராம். பிறகும் எலெக்சனிலை நிண்டு வெண்டவராம். திரும்பத் தோத்தா புல்லு வெட்டுற மெசின் ரெடியாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நம்பவில்லை.

பிறகு எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். வரிசை என்றதும் உடம்பு விறைத்தது. கவர்னர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன் நின்று கையை நீட்டினார்.

நான் தொப்பியைக் கழற்றினேன், முகம் தெரியட்டும் என்று. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் அகதிக் கடிதத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மற்றக் கையால் பர்சை எடுத்தார். தன் டிரைவிங் லைசென்சை என்னிடம் நீட்டினார்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை," என்றான் மன்னார்க்காரன். "கள்ள லைசென்சோ தெரியாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். லைசென்சை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தேன். என் கண் அவர் கையில் இருந்த கடிதத்தில்தான். அவர் திருப்பித் தந்தபோது இரண்டு கையாலும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

பின்னேரம் மனைவி கதவைத் திறந்தாள். என்னைத் தொட்டுப் பார்த்தாள். பையை வாங்கினாள்.

"பிரிக்கட்டோ?"

"வேண்டாம். வழக்கு முடிவு வரட்டும்."

பை கதவுக்குப் பின்னால் கிடந்தது. அடுத்த குளிர்காலத்தில் முடிவு வந்தது. இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று. அன்றைக்குப் பிரித்தோம். சவுக்காரம் துவாயோடு ஒட்டிப்போயிருந்தது.